சித்தப்பா, அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கார்த்திகை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது உங்கள் குரலில் அவ்வளவு சந்தோஷம். "வாசலில் நின்றால் கடல் அம்மாடி, 80 மீட்டர்தான்" என்று மூன்று தடவை சொன்னீர்கள். சென்னை ஃபிளாட்டை விற்கிற பணம், ரிடையர்மென்ட் பணம் இரண்டையும் கடற்கரையில் வாங்கப் பார்க்கிற அந்த வீட்டில்தான் போடப்போகிறீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். எனக்கு அப்போது வாய் வரவில்லை. இதே விஷயத்தை இந்த வருடம் இன்னும் நாலு பேர் கேட்டுவிட்டதால், எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இந்தக் கிராமத்துக்கு நான் டீச்சராக வந்து 12 வருடம் ஆகிறது. நீங்களும் சித்தியும் இங்கே வந்துவிட்டால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. ஆனால் அந்த வீடு வேண்டாம் சித்தப்பா.

முதலில் அந்த 80 மீட்டர். கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடுகிற கோட்டிலிருந்து, 200 மீட்டர் வரைக்கும் புதுக் கட்டடம் கூடாது என்பதுதான் கடலோர ஒழுங்குமுறை விதி. ஆபீஸ்களில் சி.ஆர்.இசட். என்பார்கள். 2019 அறிவிப்பில் இதை 50 மீட்டராகக் குறைத்தது, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கிற கிராமங்களுக்குத்தான், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. புரோக்கர் உங்களிடம் சொன்ன 50 மீட்டர் அதுதான். நீங்கள் பார்த்தது தோப்பும் மணல்மேடுமாக, ஆள் நெருக்கமே இல்லாத ஊர். அங்கே 200 மீட்டர்தான். முறையாக ஏற்கெனவே இருக்கிற வீடாக இருந்தால் பழுது பார்க்கலாம், அதே அளவில் திருப்பிக் கட்டலாம். மாடி எடுக்க முடியாது. மாடியில் ஒரு அறை போட்டு, காலையில் காபியோடு கடலைப் பார்த்து உட்காருவேன் என்றீர்களே, அந்த அறைக்கு அனுமதி கிடைக்காது.

அடுத்தது, நான் நிஜமாகவே பயப்படுகிற விஷயம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வீடுகளின் கணக்கே மாறிப்போனது. 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்களுக்கு இரண்டு வழி கொடுத்தது. உள்ளே தள்ளிப் போனால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் இலவச வீடு, போகாவிட்டால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம். புது வீடு வாங்கிக்கொண்டவர்கள் பழைய வீட்டையும் மனையையும் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த மனைகளை, யாருக்கும் கொடுக்கக் கூடாத அரசு நிலங்களை எழுதி வைக்கிற தடையாணைப் புத்தகத்தில் ஏற்றிப் பொதுக் காரியத்துக்கு வைத்துக்கொள்வது என்று ஆணை. நீங்கள் பார்த்த வீட்டுக்காரர் இப்போது சுனாமி குடியிருப்பில்தான் இருக்கிறார் என்று நீங்களே சொன்னீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய அப்பா கைநாட்டு வைத்துக் கொடுத்தது மகனுக்குத் தெரியாமலும் இருக்கும். வில்லங்கச் சான்று சுத்தமாக வந்தது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த சர்வே எண்ணுக்கு, நிலம் யார் பெயரில் என்று காட்டுகிற 'அ' பதிவேடு, எல்லையைக் காட்டுகிற புலப்படம் இரண்டையும் பாருங்கள். தாலுகா ஆபீசில் தடையாணைப் புத்தகத்தையும் கேட்டுப் பாருங்கள். பத்திரச் செலவே முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் போகும். அதையெல்லாம் கட்டிவிட்டு, பிறகு இது அரசு நிலம் என்று யாராவது வந்து நின்றால் என்ன செய்வது?

சரி, பத்திரமெல்லாம் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்?

நான் முதலில் குடியிருந்தது கடலோர வாடகை வீடு. வீட்டுக்காரர் 60 அடிக்கு போர் இறக்கி மோட்டார் வைத்திருந்தார். ஆறு மாதம் இளநீர் மாதிரி தண்ணீர். சித்திரை பிறந்ததும் கரிக்க ஆரம்பித்தது. குக்கரில் ஏழு விசில் விட்டும் துவரம்பருப்பு மணி மணியாக நின்றது. டீ போட்டால் பால் திரிந்தது. தலைமுடி சிக்குப் பிடித்து சீப்பு இறங்காது. ஒரு நாள் நான் குடத்தோடு திண்டாடுவதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆயா, என்னை மணல்மேட்டின் அடிவாரத்துக்குக் கூட்டிப் போனார். உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலைப் பறித்தார். முழங்கை ஆழத்தில் ஈரம், இன்னும் கொஞ்சம் பறித்ததும் ஓரங்களிலிருந்து தண்ணீர் கசிந்து மெல்லக் கூடியது. கொட்டாங்கச்சியால் அள்ளி, மேலே மிதந்த சருகை ஊதித் தள்ளிவிட்டுக் கொடுத்தார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, தண்ணீரோ தித்திப்பு. "மெதுவா அள்ளு பாப்பா, கீழ உப்பு தூங்குது" என்றார்.

ஆயா சொன்னது அப்படியே உண்மை. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். நாம் மோட்டார் போட்டு மேலே ஒரு அடியை இறக்கினால், காலப்போக்கில் கீழே உப்பு 40 அடி ஏறிவிடும். அதனால்தான் இங்கே விவரம் தெரிந்தவர்கள் ஆழமாகப் போர் போடுவதில்லை. 12, 15 அடியில் உறைகிணறு இறக்கி வாளியால் இறைப்பார்கள், இல்லையென்றால் சின்ன மோட்டாரைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுவார்கள். பக்கத்தில் இறால் பண்ணை இருக்கிறதா என்றும் நடந்து பார்க்க வேண்டும். பண்ணைக் குட்டையின் உப்பு குடிநீருக்கும் வயலுக்கும் இறங்கியதால்தான் இந்த மாவட்டங்களில் ஜனங்கள் போராடினார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தீர்ப்பு வந்த விவகாரம் அது.

அப்புறம் அந்த அமைதி. நீங்கள் வந்து பார்த்தது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆண்கள் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள், ஏலக்கூடம் ஓய்ந்து கிடந்தது. மற்ற மாதங்களில் விடியும் முன்பே படகு சத்தம், டிராக்டர், ஏலக்குரல், ஐஸ் வண்டி. வெயில் ஏறினால் கருவாட்டு வாசம். எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது, பிடித்தும் விட்டது. ஆனால் அந்த மணல் இவர்களுக்கு வேலை செய்கிற இடம் சித்தப்பா. ஐந்து வருடம் முன்பு வெளியூர்க்காரர் ஒருவர் கரையோரம் மனை வாங்கி நாலு பக்கமும் காம்பவுண்டு எழுப்பினார். கூடை சுமந்து பெண்கள் நடந்த வழி அதற்குள் மாட்டிக்கொண்டது. ஊர்ப் பஞ்சாயத்தார் இரண்டு முறை போய்ப் பேசினார்கள், அவர் பத்திரத்தைக் காட்டினார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வேலைக்கு ஆள் போகவில்லை, ஒருவர்கூட அவரோடு பேசவில்லை. இப்போது பூட்டிக் கிடக்கிறது, கேட் துருப்பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நம் குடும்பத்தில் யாரும் அப்படி ஒரு வீட்டில் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எங்கே வாங்கினாலும் முதலில் பஞ்சாயத்தாரைப் பார்த்து, வழி எது, கோயில் வரி எவ்வளவு என்று நீங்களே உட்கார்ந்து பேசுங்கள்.

துருவைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி வரைக்கும் போய்விடும். கம்பி துருவேறி ஊதினால் கூரை வெடித்துக் காரை காரையாக விழும். கம்பியே இல்லாத பழைய சுண்ணாம்புச் சுவரும் நாட்டு ஓடும் இந்தக் காற்றில் நன்றாகத் தாங்குகின்றன.

தரங்கம்பாடிக் கடற்கரையில் இருக்கிற மாசிலாமணிநாதர் கோயிலுக்கு உங்களைக் கூட்டிப்போனபோது, "முன்பக்கம் எங்கே?" என்று கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? 1306இல் பாண்டியர் காலத்தில் எழும்பிய கோயில். முன்பக்கத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய கல் கட்டடத்துக்கே அந்தக் கதி. நம் வீடு கொஞ்சம் மேற்கே இருக்கட்டும்.

எங்கள் தெருவிலேயே, கடலிலிருந்து முக்கால் கிலோமீட்டர் உள்ளே, ஒரு ஓட்டு வீடு விலைக்கு வருகிறது. திண்ணை, முற்றம், கொல்லையில் உறைகிணறு. பத்து நிமிடம் நடந்தால் கடல். உங்கள் சர்க்கரைக்கும் சித்தியின் முழங்காலுக்கும் ஆஸ்பத்திரி என்றால் காரைக்கால் 15 கிலோமீட்டருக்குள். ஆனால் அதற்கும் இப்போது அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐப்பசி பிறந்ததும் வாருங்கள். கார்த்திகை முடிகிற வரைக்கும் இங்கே வாடகைக்கு இரண்டு அறை பேசி வைக்கிறேன். வாடைக்காற்று இரவெல்லாம் ஓட்டைத் தூக்கிப் போடுகிற மாதிரி அடிக்கும். புயல் எச்சரிக்கை வரும், கரண்ட் போகும், தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். அதையெல்லாம் பார்த்த பிறகும் சித்தி சரி என்றால் பேசி முடிப்போம்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அந்த புரோக்கருக்கு ஒரு போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரும்போது சித்தியிடம் அரைக் கிலோ துவரம்பருப்பு எடுத்துவரச் சொல்லுங்கள். அந்த உறைகிணற்றுத் தண்ணீரிலேயே வேக வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்