நீ மூச்சு விடாத நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது ராத்திரி சாரல் காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. சாத்தலாம் என்று எழுந்து வந்தேன். நீ மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். திடீரென்று சத்தம் நின்றது. நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கின. மூக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், காற்றே இல்லை. மனதுக்குள் எண்ணினேன். 22 எண்ணி முடிக்கும்போது, குளத்தில் முங்கினவன் தலை தூக்குவது போல மூச்சை இழுத்துப் புரண்டு படுத்தாய். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே மாதிரி. விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் கேட்டால், "நல்லாத்தாம்மா தூங்கினேன்" என்றாய். அப்பாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்று நானும் பல வருஷம் நினைத்திருந்தேன். தலைவலியோடு எழுந்திருப்பார், பேப்பர் படிக்கும்போதே கண் சொருகும், பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டும் இறங்காது. ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த மாத்திரையைத் தினமும் என் கையால் எடுத்துக் கொடுத்தேனே என்று இன்றைக்கும் மனது அடித்துக்கொள்கிறது.

கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு ராத்திரி தங்க வைத்து, தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்று போகிற வழி அடைத்துக்கொள்கிறதாம். இதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி உடம்பை உலுக்குகிறது, தொண்டை திறக்கிறது. தூங்குகிறவனுக்கு இது எதுவும் ஞாபகம் இருக்காது. 10 விநாடி நின்றாலே கணக்கில் சேர்ப்பார்கள். மணிக்கு 5 தடவைக்குள் இருந்தால் பயமில்லை, 30 தாண்டினால் கடுமை. அப்பாவுக்கு 41. இதை அப்படியே விட்டுவைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் வரை கொண்டுபோகலாம் என்றார் டாக்டர்.

மாஸ்க் வழியாகக் காற்று ஊதுகிற சிபாப் மிஷினைக் கொடுத்தார்கள். முதல் வாரம் அப்பா தினமும் அதைப் பிய்த்துப் போட்டார். அது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, தம்பி. நாம் சுவாசிக்கிற காற்றையே கொஞ்சம் அழுத்தி அனுப்பித் தொண்டை மூடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 1980-ல் கோலின் சல்லிவன் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் இதைக் கண்டுபிடிக்கும் முன்னால், நோய் முற்றினவர்களுக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பார்களாம். அதைக் கேட்டபிறகு அப்பா மாஸ்க்கைக் கழற்றவில்லை. கன்னத்தில் வார்ப் பட்டை பதிந்த தடத்தோடு எழுந்து, "இன்னைக்குத் தலை வலிக்கலை" என்று சொன்ன காலை எனக்கு மறக்காது.

நான் ஒல்லிதானே, எனக்கு ஏன் வரும் என்று கேட்பாய். குண்டாக இருந்தால் அதிகம் வரும் என்பது உண்மைதான். ஆனால் தாடை சின்னதாக உள்வாங்கி இருந்தாலும் வரும். உனக்கு அப்பாவின் அதே தாடை.

எனக்குப் பெரிய பயம் ரோடுதான். ஊருக்குக் கிளம்பும் முன் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நீ கண் அயர்ந்ததைப் பார்த்தேன். அதே கண்ணோடு ஆரியங்காவு தாண்டி, பதிமூன்று கண் பாலத்துப் பக்கத்து வளைவுகளில் கார் ஓட்டிப் போனாய். இனிமேல் சோதனை முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதே. கொல்லம் ரயில் கொட்டாரக்கரை வழியாகத்தானே வருகிறது, அதில் வா. அதுவரை ஒருக்களித்துப் படு, ராத்திரி குடிக்காதே.

மருமகள் பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருக்கிறாள். உன் வீட்டில் உன் மூச்சை எண்ண ஆள் இல்லை. அன்றைக்கு எடுத்த வீடியோவை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டி வைத்து முழுசாகப் பார். வியாழக்கிழமை நானும் அப்பாவும் அங்கே வருகிறோம், வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லி வை. டாக்டரிடம் நானே பேசிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா
செங்கோட்டை