திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன்

அன்புள்ள முகிலனுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் நீ சொன்னதை நினைத்துக்கொண்டே இரவு வெகுநேரம் விழித்திருந்தேன். நீங்கள் எழுதிவரும் அரட்டைச் செயலியில், தெரிந்தவர் அனுப்பும் கோப்பு கேட்காமலே இறங்கித் தானாகத் திறந்துகொள்ளட்டும் என்று உன் குழுவில் பேசுகிறார்களாம். ஒரு சொடுக்கு மிச்சமாகும் என்கிறார்களாம். “சின்ன விஷயம்தானே அம்மா” என்றாய். இல்லை, கண்ணா.

நீ பிறப்பதற்கு முன்பே இது ஒருமுறை நடந்திருக்கிறது. அப்போது உலகம் முழுவதும் பலர் அரட்டை அடித்தது ஐஆர்சியில், அதாவது இணையத்தில் ‘அறை’களில் கூடி எழுத்தில் பேசும் முறையில். 1988இல் பின்லாந்தில் யார்க்கோ ஓய்க்கரினன் எழுதியது. விண்டோஸ் கணினிகளில் அதற்குப் பெரும்பாலோர் வைத்திருந்த மென்பொருள் எம்ஐஆர்சி. அது தொடங்கும்போது தன் கோப்புறையில் ஸ்கிரிப்ட்.ஐஎன்ஐ என்ற கோப்பு இருந்தால், அதிலுள்ள கட்டளைகளைப் படித்து அப்படியே செய்யும். அறைக்குள் நுழைகிறவர்களுக்குத் தானாக வணக்கம் சொல்வது போன்ற வேலைகளுக்கான வசதி அது. பிறர் அனுப்பும் கோப்புகள் வந்து இறங்குவதும் அதே கோப்புறையில்தான். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குற்றமில்லை. சேர்த்துப் பார், யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போன பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் உலையில் கொட்டுவது போல.

1997 டிசம்பரில் அதைத்தான் ஒரு புழு, அதாவது கணினிக்குக் கணினி தானே பரவும் தீய நிரல், பிடித்துக்கொண்டது. கோப்பு வந்தால் கேட்காமல் வாங்கிக்கொள் என்று அமைத்து வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் ஸ்கிரிப்ட்.ஐஎன்ஐ என்ற பெயரிலேயே வந்து உட்கார்ந்தது. அடுத்த முறை மென்பொருளைத் திறந்ததும், அவர்கள் இருந்த அறைக்குள் யார் நுழைந்தாலும் அவர்களுக்குத் தன்னையே அனுப்பியது. ஐஆர்சியில் கோப்புகள் நடுவிலுள்ள சேவையகத்தின் வழியாகப் போவதில்லை, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகும். ஆகவே வழியில் நிறுத்திப் பார்க்க ஆளில்லை. பிறகு பதிவிறக்கத்துக்குத் தனிக் கோப்புறை வைத்தார்கள். முதல் நாளே வைத்திருக்கலாமே என்று இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பின்னால் வந்த சில புழுக்களின் தந்திரம் இன்னும் கொடியது. ‘வைரஸ்’ என்று யாராவது எச்சரித்தால், எச்சரித்தவரையே புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். அறையில் அத்தனை பேரும் கத்தினாலும் மாட்டிக்கொண்டவருக்கு மட்டும் எதுவும் தெரியாது.

2000 மே 4 அன்று பரவிய ‘ஐ லவ் யூ’ புழுவை எல்லோரும் மின்னஞ்சல் புழு என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதுவும் எம்ஐஆர்சி கோப்புறையில் ஒரு ஸ்கிரிப்ட்.ஐஎன்ஐ எழுதிவைத்து, அரட்டை வழியாகவும் பரவப் பார்த்தது. 2005 ஏப்ரலில் கெல்விர் என்ற புழுவால் ராய்ட்டர்ஸ் நிறுவனம் தன் செய்திப் பரிமாற்றச் சேவையையே நிறுத்திவைக்க நேர்ந்தது. கெல்விர் கோப்பைக்கூட அனுப்பவில்லை. நண்பர் பெயரில் ஒரு வரி, ஓர் இணைப்பு, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு என் கல்லூரி ஆய்வகத்துக்கும் அந்த வகைப் புழு ஒன்று வந்தது. உனக்கு நினைவிருக்காது, பள்ளி விட்டு வந்து கடைசி மேசையில் படம் வரைந்துகொண்டிருப்பாய். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தோழியிடமிருந்து வந்த இணைப்பைத் தட்டினாள். ஓடும் நிரல்களைப் பார்த்து நிறுத்த உதவும் டாஸ்க் மேனேஜர் திறக்கவில்லை, உலாவியின் முகப்புப் பக்கம் மாறிப்போனது. அதையெல்லாம் நான் இரண்டு நாளில் சரிசெய்துவிட்டேன். ஆனால் அவள் அரட்டைப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும், துபாயிலிருந்த அவள் மாமாவுக்கும்கூட, அவள் பெயரில் ஓர் ஆபாச இணைப்பு போயிருந்தது. மாமா அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சத்தம் போட்டிருக்கிறார். அந்தப் பெண் என் அறையில் நின்று, “நான் அனுப்பவில்லை மேடம், நீங்களே சொல்லுங்கள்” என்று அழுதாள். நானே அவள் அம்மாவிடம் பேசினேன். அவர் நம்பினாரா என்று குரலிலிருந்து தெரியவில்லை. அதன் பிறகு அவள் மாலை நேரங்களில் ஆய்வகத்துக்கு வரவே இல்லை.

தெரியாதவன் அனுப்பினால் யாரும் யோசிப்பார்கள். இந்தப் புழுக்கள் தெரிந்தவர் பெயரிலேயே வருகின்றன. உங்கள் குழுவோ, தெரிந்தவர் என்றால் கேட்க வேண்டாம் என்கிறது. அமைப்புகளுக்குள் போய் மாற்றிக்கொள்ளலாமே என்று சொல்வார்கள். இத்தனை ஆண்டு ஆய்வகத்தில் அதைத் திறந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடுவேன். நீங்கள் எதை வைத்து அனுப்புகிறீர்களோ அதுவேதான் அவர்களிடம் கடைசிவரை இருக்கும்.

திங்கட்கிழமை கூட்டத்தில் நீதான் வயதில் சின்னவன் என்று தெரியும். இருந்தாலும் ஸ்கிரிப்ட்.ஐஎன்ஐ கதையை மட்டுமாவது சொல். படம் தானாக இறங்கட்டும், இயங்கக்கூடிய எந்தக் கோப்பும் கேட்காமல் திறக்க வேண்டாம் என்று கேள். ஒப்புக்கொள்ளாவிட்டால், உன் கருத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்.

முடிந்ததும் எத்தனை மணியானாலும் அழை. விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா