முருங்கைக்காய்ச் சம்பளமும் 555 புத்தகமும்

சுங்கை சிப்புட் அக்கா, அண்ணன், பாட்டிமார்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கோலாலம்பூரில் இருக்கும் அஸ்வாரா கலைக் கல்லூரியில் நாடகப் படிப்பை முடித்துவிட்டேன். கடைசித் தேர்வில் தனியாக 12 நிமிடம் நடித்தேன். கைதட்டலை நான் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தது உறுத்துகிறது, அதனால்தான் இந்த மடல்.

கோயில் மண்டபத்தில் எட்டு வருடம் பரதம் சொல்லிக்கொடுத்த டீச்சர், நீங்கள் எங்களிடம் வாங்கிய சம்பளம் பெரும்பாலும் முருங்கைக்காய்தான். சிமெண்டுத் தரையில் தட்டித் தட்டி எனக்கு முட்டி வீங்கியது. அதன்பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் பின்னால் நின்று, முட்டி மடக்கி நிற்கும் அரைமண்டியில் உள்ளே சாயும் என் முட்டியைக் கையால் பிடித்துப் பாதத்துக்கு நேராகத் திருப்பி வைத்தீர்கள்.

மக் யோங் என்ற மலாய் நடன நாடகத்தைக் கற்றுக்கொடுத்த மாக் சூவுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ஆட்டத் தொடக்கத்தில் ரெபாப் என்ற வில் வாத்தியத்தைப் பார்த்து உட்கார்ந்தபடியே மெதுவாக ஆட வேண்டும். என் கை பரத வேகத்தில் போய் நின்றுவிடும், ரெபாப் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டு மாதம் சிரித்துக்கொண்டே பொறுத்தார்.

ஒரு வகுப்பில், கையில் எதுவும் இல்லாமல் ஒரு வேலையைச் செய்து காட்டச் சொன்னார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுவதைக் காட்டினேன். "காய்கறி நறுக்குகிறாயா?" என்றார் ஆசிரியர். ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறியபிறகு அம்மா பால்வெட்டும் கத்தியைத் தொட்டதே இல்லை. வாசல் தூணுக்கு முன் கரண்டியோடு நின்றவர், பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் தூணில் இருப்பதுபோல, முதலில் அதை விரலால் உரித்துப் போட்டார். பிறகு கரண்டியை இடது மேல்பக்கம் வைத்தார். கை அசையவில்லை. கால் ஒவ்வொரு அடியாக நகர, உடம்பு தூணைச் சுற்றி வந்தது, கரண்டி சரிந்து இறங்கியது. "கையால வெட்டினா மரத்துக்குக் காயம்டி, காலால வெட்டணும்" என்றார். முடித்ததும் குனிந்து பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் தேடினார். அப்புறம் அவருக்கே சிரிப்பு.

நான் மேடையில் செய்தது அவ்வளவுதான்.

விடியற்காலையில் ஸ்டேஷனில் இறக்கிவிட்ட வேன் அங்கிள், நன்றி. மளிகைக் கடை அண்ணன், உங்கள் 555 கடன் புத்தகத்தில் டிக்கெட்டுக்காக வாங்கிய 80 வெள்ளி இன்னும் என் பேரில் இருக்கிறது, மறக்கவில்லை.

அடுத்த மாதம் நம் மண்டபத்திலேயே நடித்துக் காட்டுகிறேன். அம்மா முன்வரிசையில் உட்கார மாட்டாராம். நான் தப்பாக வெட்டினால் எழுந்து மேடைக்கே வந்துவிடுவாராம்.

உங்கள் லயத்துப் பிள்ளை