உஜிரி ஜெயிச்சது அதிர்ஷ்டத்துல இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என்பிஏங்கற பாஸ்கெட்பால் லீக்ல டொராண்டோ ராப்டர்ஸ் டீமுக்கு தலைவரா இருந்த மசாய் உஜிரி பத்தி உங்க விளையாட்டு பக்கத்துல ஒரு துணுக்கு வந்துச்சு, ஒரு வருஷத்துக்கு கவாய் லெனார்ட்ங்கற ஸ்டார் பிளேயர் கிடைச்சதால டொராண்டோவுக்கு 2019ல கப் வந்துச்சு, மத்தபடி அவர் பெருசா ஒண்ணும் பண்ணலங்கற மாதிரி. டர்பன்ல உக்காந்து படிச்ச எனக்கு சுருக்குனு இருந்துச்சு.

நைஜீரியாவுல சாரியாங்கற ஊர்ல வளந்தவர் அவர். 2002ல ஆர்லாண்டோ மேஜிக் டீமுக்கு ஸ்கவுட்டா, அதாவது புது பிளேயர்ஸ தேடற ஆளா சேந்தப்ப சம்பளமே கிடையாது, சொந்த காசுல ஊர் ஊரா போய் ஆள் தேடினார், நம்ம வீட்டு பசங்க இப்படி ஒரு வேலைக்கு போறேன்னா விடுவோமா சொல்லுங்க! அங்க இருந்து டென்வர் டீம், டொராண்டோ டீம், மறுபடி 2010ல டென்வருக்கே ஜெனரல் மேனேஜரா, தலைமை பொறுப்புல. அமெரிக்காவோட பெரிய லீக் ஒண்ணுல அந்த சீட்ல உக்காந்த முதல் ஆப்பிரிக்கர் அவர்தான். வந்த கொஞ்ச நாள்லயே டென்வரோட ஸ்டார் பிளேயர் கார்மெலோ ஆன்டனி போறேன்னு நின்னார், அவர நியூயார்க்குக்கு அனுப்பி பதிலுக்கு ஒரு கூட்டம் பிளேயர்ஸ், டிராஃப்ட் பிக்னு (வருஷா வருஷம் புது பசங்கள டீம்கள் வரிசையா எடுக்கறதுதான் டிராஃப்ட், அதுல ஒரு டீமோட முறைதான் பிக்) வாங்கி, 2013ல அந்த டீம் 57 மேட்ச் ஜெயிச்சுது, வருஷத்தோட சிறந்த எக்ஸிக்யூடிவ் விருதும் அவருக்குத்தான்.

இப்ப லெனார்ட் கதைக்கு வருவோம். 2013ல டொராண்டோவுக்கு வந்ததும் ஃபேன்ஸ் திட்டிட்டே இருந்த பார்ன்யானிங்கற பிளேயர நியூயார்க் தலையில கட்டி, அவங்களோட 2016 டிராஃப்டுக்கான ஒரு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் வாங்கினார். இதுல ஒரு வேடிக்கை, முன்னாடி கார்மெலோ டீல்ல, நியூயார்க்கோட அந்த வருஷ பிக் நல்லதா இருந்தா தன் பிக்க குடுத்து மாத்திக்கற உரிமைய டென்வருக்கு வாங்கி வச்சதே இவர்தான், அதனால 7வது பிக் டென்வருக்கு போய், அதுல ஜமால் மரேங்கற பிளேயர அவங்க எடுத்தாங்க, இவருக்கு 9வதுதான் மிஞ்சுச்சு. அந்த 9ல எடுத்த யாகோப் பெல்ட்ல், டொராண்டோவோட ஸ்டார் டிமார் டிரோசன், கூட ஒரு பிக், இத்தனையும் குடுத்துத்தான் 2018ல லெனார்டும் டேனி கிரீனும் வந்தாங்க. அஞ்சு வருஷமா கோத்த வேலைங்க இது, அதிர்ஷ்டம்னு ஒரே வார்த்தையில எப்படி முடிப்பீங்க? லெனார்ட் முந்தின சீசன்ல ஆடினதே 9 மேட்ச்தான், காயம், அவர நம்பி இத்தனைய வச்சவர் இவர். அப்புறம் பாஸ்கல் சியாகம், கேமரூன் பையன், 2012ல நம்ம தென்னாப்பிரிக்காவுல நடந்த கேம்ப்புக்கு வந்தவன், டிராஃப்ட்ல 27வதா எடுத்தாங்க, 2019 ஃபைனல் தொடரோட முதல் மேட்ச்ல 32 பாயிண்ட். ஃப்ரெட் வான்வ்லீட்ட டிராஃப்ட்ல யாருமே எடுக்கல, அதே தொடரோட கடைசி மேட்ச்ல 22 அடிச்சான்.

டிரோசன் விஷயத்துல மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறல. ஒம்போது வருஷம் அந்த ஊருக்காக ஆடினவர கறிவேப்பில மாதிரி எடுத்து போட்டாங்க, அதே வருஷம் டீமோட கோச் கேசியையும் அனுப்பினாங்க, அனுப்பின கொஞ்ச நாள்ல அவருக்கு சிறந்த கோச் விருது வேற கிடைச்சுது. கப் வந்ததால எல்லாரும் மறந்துட்டாங்க, அவ்ளோதான்.

அந்த கப் ஜெயிச்ச ராத்திரி ஓக்லாண்ட்ல என்ன நடந்துச்சுன்னு உங்க துணுக்குல ஒரு வரி கூட இல்ல. தன்னோட டீம் கூட கொண்டாட பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கு இறங்கின உஜிரிய, டீமோட பிரசிடென்ட்ட, ஒரு டெபுடி ஷெரிஃப், அதாவது போலீஸ்காரர், தடுத்து நெஞ்சுல கை வச்சு தள்ளுறார், அப்புறம் உஜிரி மேலயே அந்த போலீஸ்காரர் கேஸ் போட்டார், 2020ல வீடியோ வெளிய வந்தப்பதான் யார் முதல்ல தள்ளினதுன்னு ஊருக்கே தெரிஞ்சுது, 2021ல கேஸ வாபஸ் வாங்கிட்டாங்க. நேட்டால்ல இருந்து டிரான்ஸ்வால் போகவே இந்தியர்கள் பெர்மிட் வாங்கணும்னு இருந்த காலத்த பாத்த பெரியவங்க இங்க இன்னும் இருக்காங்க, அந்த வீடியோ அவங்களுக்கு புதுசா தெரிஞ்சிருக்காது.

2025 ஜூன்ல அவர் டொராண்டோவ விட்டு போனார். அதே மாசம் பாஸ்கெட்பால் ஆப்பிரிக்கா லீக் ஃபைனல் பிரிட்டோரியாவுல நடந்து லிபியாவோட அல் அஹ்லி திரிபோலி கப் அடிச்சுது, அத உங்க பேப்பர்ல தேடித்தேடி பாத்தேன், கிடைக்கல. ஐபிஎல் ஏலத்துக்கு முழு பக்கம் ஒதுக்கறீங்க, அதுல ஒரு காலம் இதுக்கு குடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்