மதகை அடைத்த ஏழு டயப்பர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடி பக்கத்தில் பாமணியாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. 2025 ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து எங்கள் கன்னி வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர மாதக் கடைசி ஆகிவிட்டது. வாய்க்காலில் முழங்கால் அளவு ஓடுகிறது, எங்கள் வயலுக்கு மட்டும் நூலாகக் கசிகிறது. மதகுக் குழாய்க்குள் கையை விட்டேன். பஞ்சு மூட்டை மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. இழுத்ததும் கிழிந்து, வெந்த ஜவ்வரிசி போல ஒன்று கொழகொழவென்று கையெல்லாம் ஒட்டியது. அதன் பின்னால் இன்னொன்று. மொத்தம் ஏழு டயப்பர்கள் வந்தன. கிழிந்ததில் பாதி நாற்றங்காலுக்குள் போய்விட்டது. அரித்தெடுக்கப் பார்த்தோம், முடியவில்லை. சேற்றோடு சேறாகிவிட்டது.

ஏழையும் வரப்பில் போட்டுவிட்டு, யார் வீட்டுப் பிள்ளையுடையதோ என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது. தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகள் அப்போது எங்களோடுதான் இருந்தாள். பேரனுக்கு நாலு மாதம். அவனுக்குக் கழற்றிப் போடுவதெல்லாம் எங்கே போகிறது? பையில் முடிந்து காலையில் குப்பை வண்டியில் கொடுக்கிறோம், அதோடு மறந்துவிடுகிறோம்.

மறுநாள் வண்டியோடு வந்த தூய்மைக் காவலர் பெண்ணிடம் கேட்டேன். “எந்தத் தொட்டியில போடறதுன்னு எனக்கே தெரியலைம்மா. பச்சையில போட்டா உரக்குழி கெட்டுப்போகுது. நீலத்துல போட்டா, பிளாஸ்டிக் எடுக்க வர்றவங்க இதைத் தொட மாட்டேங்கறாங்க. கடைசில வடிகால் ஓரமாத்தான் கொட்டறோம். நாய் இழுத்துட்டுப் போயிடுது” என்றார். அவர் கையுறையில் இரண்டு விரல் கிழிந்திருந்தது. நாம் முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் பையை அவர் அந்தக் கையால்தான் பிரித்துத் தரம் பார்க்கிறார். பேதி கண்ட பிள்ளையின் மலம் அதில் இருந்தால், அந்தக் கிருமி அவர் வீட்டுப் பிள்ளைவரை போகும். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

வண்டி வராத நாளில் ஆற்றுப் பாலத்தில் நின்று வீசிவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறேன். கோடையில் வறண்டு கிடக்கும் வாய்க்கால் எல்லோருக்கும் குப்பைமேடு. தண்ணீர் வந்ததும் அத்தனையும் கிளம்பி வயலுக்கு வருகிறது.

பேரனுக்கு இரவு முழுக்கக் கட்டியிருந்த டயப்பர் ஒன்றைக் காய்கறித் தராசில் போட்டுப் பார்த்தேன். 180 கிராம் இருந்தது. எங்கள் தெருவில் மட்டும் நாலு கைக்குழந்தைகள். ஆளுக்கு ஐந்து என்றால் நாளைக்கு 20, மாதத்துக்கு 600. சராசரி 150 கிராம் என்று வைத்தாலும் 90 கிலோ. நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிற 40 கிலோ சிப்பத்தில் இரண்டுக்கு மேல். ஒரு தெருவின் ஒரு மாதக் கணக்கு இது.

என் மகள் வேதியியல் படித்தவள். அவள்தான் ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். தொட்டால் துணி போல இருக்கிற மேல்பாகம் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஈரம் வெளியே கசியாமல் தடுக்கும் உறை பாலிஎத்திலீன். நடுவில் மரக்கூழ், அதற்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெள்ளைத் தூள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சிட்டிகை போட்டாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் களியாகிவிட்டது. என் கையில் ஒட்டிய ஜவ்வரிசி அதுதான். இதில் சீக்கிரம் மக்கக்கூடியது மரக்கூழ் ஒன்றுதான். அதுவும் பிளாஸ்டிக்குக்குள் பொதிந்து கிடந்தால் எப்படி மக்கும்? கொல்லையில் வைக்கோல் போட்டுக் கொளுத்தியும் பார்த்தோம். மேலுறை சுருண்டு கரும்புகை விட்டது, உள்ளே ஈரம் ஈரமாகவே கிடந்தது. இப்படி அரைகுறையாக எரிப்பதில்தான் நச்சுப்புகை அதிகம் என்று மகள் தடுத்துவிட்டாள்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. அதை ஏற்று மஞ்சப்பையோடு கடைக்குப் போகப் பழகியிருக்கிறோம். டயப்பரையும் தடை செய்யுங்கள் என்று நான் எழுதவில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு ராத்திரி நாலு தரம் எழுந்து துணி மாற்றிய வேதனை எனக்குத் தெரியும். வேலைக்குப் போகும் பெண்ணை, குடிதண்ணீருக்கே குடத்தோடு நிற்கும் வீட்டுப் பெண்ணை, துணி துவைத்துப் போடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் வீட்டில் பகலில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுகிறோம், இரவுக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் மட்டும் டயப்பர். ஐந்து இருந்தது இரண்டாகக் குறைந்தது. தொடை இடுக்கில் இருந்த சிவப்பும் ஆறியது. முடிகிறவர்கள் செய்யலாம். எல்லோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து, மேலே சிவப்பு மையால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். அந்தத் தூய்மைக் காவலர் பெண் பையைப் பிரிக்க வேண்டியிருக்காது.

ஆனால் பொதிந்து கொடுக்க உறை தர வேண்டியது யார்? 2016 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, டயப்பர் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு பாக்கெட்டோடும் அப்புறப்படுத்துவதற்கான உறையும் தர வேண்டும் என்று இருந்தது. பேரன் பிறந்ததிலிருந்து நாங்கள் வாங்கிய பாக்கெட்டுகள் எதிலும் அப்படி ஓர் உறையை நான் பார்க்கவில்லை. மளிகைக் கடைக்காரரைக் கேட்டால், இப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும் என்கிறார். நாற்பது ரூபாய் பாக்கெட்டானாலும் நானூறு ரூபாய் பாக்கெட்டானாலும் உறை இல்லாமல் கடைக்கு வரக் கூடாது. அதிகாரிகள் கடைக்கு வந்து பிரித்துப் பார்க்கட்டும்.

உறை மட்டும் வந்தால் போதாது. ஊராட்சிக்கு இதற்கென மூன்றாவதாக ஒரு தொட்டி வேண்டும். வாரம் இருமுறை ஒன்றியம் முழுக்கச் சேகரித்து, மருத்துவக் கழிவை எரிப்பதுபோல அதிக வெப்பத்தில், புகையைச் சுத்திகரித்து எரிக்கும் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். தனி ஊராட்சியால் ஆகிற காரியமில்லை. மாவட்ட நிர்வாகம்தான் கையில் எடுக்க வேண்டும். அடுத்த முறை மேட்டூர் திறப்பதற்குள், தூர்வாரும் வேலையோடு சேர்த்தே இதைத் தொடங்கலாம்.

எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்களும் பேசி, மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்கி எங்கள் கொல்லையில் வைத்திருக்கிறோம். ஒரு மாதமாக எங்கள் தெரு டயப்பர் ஒன்றுகூட வாய்க்காலுக்குப் போகவில்லை. டிரம் நிரம்பிவிட்டது. ஊராட்சியில் இரண்டு முறை சொன்னேன், எங்கே கொண்டுபோவது என்று அவர்களும் என்னையே கேட்கிறார்கள். எடுத்துப் போக ஒரு வண்டியை அனுப்புங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு விவசாயப் பெண்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்