பிளஸ் 1 சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் இ-சேவை மையம் நடத்தி வருகிறேன். மே மாதம் பிறந்துவிட்டால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஒரு பக்கம், கல்லூரி விண்ணப்பங்கள் ஒரு பக்கம் என்று மூச்சுவிட நேரம் இருக்காது. விண்ணப்பிக்க வரும் பிள்ளைகளிடம் பிளஸ் 2 மதிப்பெண் பட்டியலை வாங்கியதும் நான் பார்ப்பது மொத்த மதிப்பெண்ணை அல்ல, பாடங்களின் பெயர்களை. யார் எதற்கு விண்ணப்பிக்க முடியும், யாரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த ஆண்டு ஒரு பெண் தாயுடன் வந்தாள். பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டுமாம். அந்த அம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து பட்டியலை மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டினார். தமிழ், ஆங்கிலம், பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், கணினிப் பயன்பாடுகள். 600க்கு 500ஐத் தாண்டிய மதிப்பெண். ஆனால் பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். "இவ்வளவு மார்க் எடுத்தும் கிடைக்காதா?" என்று அவர் கேட்டார். மார்க்கில் குறை ஒன்றும் இல்லை அம்மா, குரூப்தான் வேறு என்றேன். பத்தாம் வகுப்பில் அறிவியலில் மதிப்பெண் குறைவு என்று பள்ளியில் இந்தக் குரூப்பில் சேர்த்தார்களாம். மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று அன்று ஒருவரும் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் நன்றாகப் படித்து முடித்த பிறகு, இதைச் சொல்லும் முதல் ஆள் நானாக இருந்தேன். அந்த ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதம்.

பொறியியலிலும் இதே கதைதான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று கூட்டி 200க்குத்தான் கட்-ஆஃப், அதாவது சேர்க்கைக்கான மதிப்பெண், கணக்கிடுகிறார்கள். வணிகக் கணிதம் படித்த ஒரு மாணவன், தானும் கணக்கு படித்தவன்தானே என்ற நம்பிக்கையோடு வந்து நின்றான். இயற்பியலும் வேதியியலும் இல்லாமல் அவனுக்கு எந்தக் கட்-ஆஃப் போடுவது? அவன் அண்ணன் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது.

தகுதி விதிகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. நர்சிங்கில் முதல் ஆண்டே உடற்கூறியல் வருகிறது. உயிரியலை எட்டிப்பார்க்காத பிள்ளை அங்கே திணறத்தான் செய்யும். விதியைச் சொல்லும் நேரம்தான் தவறு. பிளஸ் 2 முடித்தவர்களுக்கு அரசு நடத்தும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நல்ல முயற்சி. ஆனால் அங்கே வந்து உட்காரும் பிள்ளை எந்தக் குரூப் என்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. பிளஸ் 1 சேர்க்கை நாளன்று பள்ளி வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே போனதும் மதிப்பெண்ணைப் பார்த்து, காலியிடத்தைப் பார்த்து, ஒரு குரூப்பை எழுதிவிடுகிறார்கள். பெற்றவர்கள் படித்தவர்களாக இருந்தால் நான்கு கேள்வி கேட்பார்கள். கூலி வேலையை விட்டு அரை நாள் வந்திருக்கும் அப்பா, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

இன்னொரு கொடுமையும் உண்டு. வழி திறந்திருந்தும் தெரியாமல் விலகிவிடுகிறார்கள். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் போதும். பட்டயக் கணக்காளர் ஆவதற்கான சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வை அறிவியல் குரூப் மாணவரும் எழுதலாம். மருந்தியல் பட்டப்படிப்பான பி.ஃபார்ம் படிக்க இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் இருந்தால் சரி. உயிரியல் இல்லை என்று ஒதுங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கு வணிகவியல் குரூப் மாணவரும் விண்ணப்பிக்கலாம். விதிகள் மாறவும் செய்கின்றன. உயிரியல் எடுக்காதவர்கள் பிளஸ் 2 முடித்த பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. எங்கள் தெருவில் அது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் கோரிக்கை பெரியதல்ல. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒரு தாள் கொடுங்கள். எந்தக் குரூப் எடுத்தால் எந்தப் பட்டப்படிப்பு உண்டு, எது இல்லை என்று எளிய தமிழில் அதில் இருக்கட்டும். ஆண்டுதோறும் திருத்தி அச்சிடுங்கள். தொழிற்கல்விப் பிரிவையும் விட்டுவிடாதீர்கள், அந்தப் பிள்ளைகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடே இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் "மேலே என்ன படிக்க விருப்பம்?" என்று ஒரு வரி சேருங்கள். அதை ஒரு ஆசிரியர் படித்துப் பார்த்து, கேட்ட குரூப்பும் விருப்பமும் பொருந்தாவிட்டால் பெற்றோரை உட்காரவைத்துப் பேசிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். வகுப்பு தொடங்கி முதல் ஒரு மாதம் வரை குரூப் மாற்றிக்கொள்ளவும் வழி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் வாசகி,
வியாசர்பாடி, சென்னை - 39.