துறையைச் செப்பனிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர்ச் சலவைத்துறைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, படித்துறையையும் துவைகல்லையும் அழகாக வருணித்தது. அந்த நாட்களைப் ‘பொற்காலம்’ என்று முடித்ததுதான் உறுத்தியது. நான் வெளுக்கிற குடும்பத்தில் பிறந்தவள்.

முதலில் ஒரு திருத்தம். அழுக்கைப் போக்கியது கல் அல்ல, வெள்ளாவி. உவர்மண் கரைத்த நீரில் துணியை ஊறவைத்துப் பிழிந்து, நீர் கொதிக்கும் பானைக்கு மேல் சுற்றி அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் அவிப்பார்கள். உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. சூடு ஏற ஏற அந்தக் காரம் வியர்வைப் பிசுக்கையும் எண்ணெயையும் நூலிலிருந்து கழற்றிவிடும். மறுநாள் கல்லில் அடிப்பது, கழன்றதை வெளியேற்றத்தான். களர்நிலத்தில் கிணறு தோண்டி அந்த நீரில் வெளுத்த வெள்ளாடையைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார் (பாடல் 311). இவ்வளவு பழைய வேதியியல், நான் படித்த எந்த வேதியியல் பாடத்திலும் இல்லை.

துணி மாறாமலிருக்கச் சேராங்கொட்டைப் பாலால் குறி போடுவார்கள். எத்தனை வெளுப்புக்கும் அழியாது என்று கட்டுரையாளர் வியக்கிறார். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாகும். தீட்டுத் துணியும் பிரசவத் துணியும் எங்கள் பெண்களின் கைக்குத்தான் வந்தன. கூலி? அறுவடைக் களத்தில் கொஞ்சம் நெல், அந்தியில் வீடு வீடாகப் போய் வாசலுக்கு வெளியே நின்று வாங்கும் சோறு. இதில் பொன் எங்கே இருந்தது?

துறைகளை நினைவுச்சின்னமாக்க வேண்டும் என்கிறார். கொச்சிக் கோட்டைப் பகுதியில் உள்ள தோபிகானா என்னும் பொதுச் சலவைக்கூடத்தை அவர் ஒருமுறை பார்த்து வரலாம். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுக்க அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். 1976இல் அவர்களுக்கென்று தனித்தனித் தொட்டிகளும் உலர்த்தும் திடலும் அமைக்கப்பட்டன. கஞ்சி போட்ட துணிகளைக் கவ்விகள் இல்லாமல் முறுக்கிய கயிற்றின் இடுக்கில் செருகி உலர்த்தும் பழைய வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. தொழிலுக்கு இடமும் தண்ணீரும் கிடைத்ததால்தான் வழக்கமும் தங்கியது.

ஆகவே நம் ஊர்த் துறைகளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், பெயர்ப்பலகைக்கு முன்னால் தண்ணீருக்கும் கொட்டகைக்கும் ஒதுக்கட்டும். வெள்ளாவி வைக்கத் தெரிந்த முதியவர்கள் சிலரேனும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் படம்பிடிக்கப் போகிறவர்கள் அன்றைய கூலியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்